கைபட்ட லேகியம்

சிராங்கூன் ரோட்டில் ஒலி முகம்மதுவின் நாட்டு மருந்துக் கடைக்கு வந்த எந்த ஆண்பிள்ளையும் வெறுங்கையோடு திரும்பியது கிடையாது. தேக்காவில் பால் கறக்கிறவன், மாட்டு வண்டிக்காரன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், கோட்டு போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிற கிராணி என்று எல்லாரும் வருவார்கள். இருமலுக்கு மருந்து கேட்கிறவன் தெருவுக்கே கேட்கும்படி கேட்பான். ஆண்பிள்ளைகளுக்கான அந்த லேகியம் கேட்கிறவன் மட்டும் முதலில் கொஞ்சம் இருமிக் காட்டிவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "பெரிய டப்பாவுல ஒண்ணு" என்பான். எதில் ஒன்று என்று ஒலி முகம்மதும் கேட்டதில்லை.

அந்த லேகியத்துக்கு அப்படி ஒரு பேர். ஜோகூரிலிருந்தெல்லாம் ஆள் விட்டு வாங்கினார்கள். பெண்டுகளுக்கு என்று கேட்டால், பிள்ளை பெற்றவளுக்கான காயமருந்து ஒன்று அடித்தட்டில் இருந்தது. அதற்கு முந்தைய சங்கதிக்கு மருந்து இல்லை. அப்படியொரு குறை பெண்டுகளுக்கும் வரும் என்று அந்தக் கடையில் யாரும் யோசித்ததாகவே தெரியவில்லை.

லேகியத்தின் ரகசியம் கையில் இருக்கிறது என்று ஒலி முகம்மதுவின் வாப்பா சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார். கரண்டியால் கிண்டி இறக்கிய பிறகு, பொடியைத் தூவி, வெறுங்கையால்தான் பிசைய வேண்டும், உருட்ட வேண்டும். அப்போதுதான் மருந்தில் பரக்கத்து இறங்கும். வாடிக்கைக்காரர்களும் அதைப் பார்த்து வாங்கினால்தான் ஒப்புவார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, அப்புறம் அக்கரகாரம். அக்கரகாரம் ஒரு வேர். நுனி நாக்கில் வைத்தால் போதும், சுறுசுறுவென்று ஏறி வாயெல்லாம் எச்சில் ஊறிவிடும். அந்தப் பொடியில் சிறுவயதிலிருந்து புரண்ட கை ஒலி முகம்மதுவின் கை. உள்ளங்கை காய்த்துப்போய், உரலில் கையை விட்டு அளைந்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆமினா பீவிக்குச் சிரிப்பு மூட்டுகிற பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. கண்ணில் தூசி விழுந்தாலும், வியர்வை வழிந்தாலும், கையைத் தூக்க மாட்டார். தோள்பட்டையை உயர்த்தி, தலையைச் சாய்த்து, சட்டையில் கண்ணை உரசிக்கொள்வார். கல்யாணமாகிக் கப்பலேறி வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, "கோழி மாதிரி இருக்கு மச்சான்" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. "வாப்பாவும் இப்படித்தான்" என்றார்.

அவரை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஊர் வேறு விதமாகப் பேசியது. இருபதுக்கு மேல்தான் அவளுக்கு நிக்காஹ் நடந்தது. வயது ஏறிவிட்டது, என்ன மாதிரி மாப்பிள்ளை வாய்ப்பானோ என்று நாகூரில் உம்மா பயந்து கிடந்தாள். வாய்த்தவர் குரல் உயர்த்தாத மனுஷர். கடை கட்டிவிட்டு வரும்போது மல்லிகை வாங்கி வருவார். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களைப் போலப் பேசிக் காட்டுவார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கடைக்குப் பின்கட்டுதான் வீடு. நடுவே ஒரு திரைச்சீலை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்வது அவளுக்கு ஒரு சுகம்.

குறை படுக்கையில் இருந்தது. அவர் பக்கத்தில் வந்தால் அவளுக்கும் ஆசையாகத்தான் இருக்கும். அவர் கை மறைவிடத்தில் பட்ட சற்றைக்கெல்லாம் தீப்பட்டாற்போல எரியத் தொடங்கும். அதற்கு மேல் ஆசை எங்கே நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டை மாதிரி கிடப்பாள். முதல் இரவிலிருந்து அப்படித்தான். "வலிக்கத்தான் செய்யும். பொறுத்துக்க, போகப் போகச் சரியாயிரும்" என்று ஊரிலேயே அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆமினா பீவியும் பொறுத்துக்கொண்டாள். சரியாகத்தான் இல்லை. எல்லாப் பெண்களும் தாங்குகிறார்கள், தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அவள் முடிவு கட்டினாள். நாளாக ஆக, அவர் விளக்கைத் தணிக்க எழுந்தாலே அவள் சுவர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

ஒலி முகம்மது வற்புறுத்துகிற ஆள் இல்லை. அவள் விறைத்துப் போவது தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டு, "சரி, தூங்கு புள்ள" என்பார். திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருக்கும்.

பிள்ளை இல்லாத வீட்டைப் பற்றி முதலில் மூக்கில் வியர்ப்பது சொந்தக்காரர்களுக்குத்தான். ஒலி முகம்மதுவின் அண்ணன் முகம்மது யூசுப் மார்க்கெட் தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே பேச்சை எடுத்தார். ஆமினா பீவி திரைக்குப் பின்னால் தாளிச்சா சட்டியோடு நின்றாள்.

"தம்பி, அடுத்த நாகப்பட்டினம் கப்பல்ல நான் ஊருக்குப் போறேன். நீயும் வா. தோப்புத்துறையில நம்ம மாமு மக ரஷீதா இருக்கா. புருஷன் மவுத்தாகித் தனியா நிக்கிறா. நல்ல கொணம். நிக்காஹ் பண்ணி இங்க கூட்டியாந்துருவோம்."

"ஆமினா இருக்காளே காக்கா."

"அவ இருக்கட்டும். அவள யாரு போகச் சொன்னா? உனக்குப் புள்ள குட்டி வேணாமா?" அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஊரு பூரா உன்கிட்ட மருந்து வாங்குது. உன் ஊட்டுல தொட்டில் இல்ல. கடையில கேக்குறானுவ தம்பி. மருந்து நெசமான்னு கேக்குறானுவ."

பிறகு ஒலி முகம்மதுவின் குரல் கேட்டது. "கொறை எனக்கு இல்ல காக்கா. அவ ஒடம்பு கொஞ்சம் குளிர்ச்சி. ஆசை எழும்ப மாட்டேங்குது. ஒரு மருந்து செஞ்சு பாக்குறேன். கப்பலுக்கு நாள் இருக்குல்ல."

"செய்யி. பலிச்சா நான் ஒத்தையாப் போறேன். பலிக்கலேன்னா நீ என்கூட வர்றே."

ஆமினா பீவிக்குச் சட்டி கையில் கனத்தது. அவளைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது கூட வலிக்கவில்லை. அது உண்மை என்று அவளே நம்பியதுதான் வலித்தது. இன்னொருத்தி வந்து இந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பேசிக் காட்டுவதைக் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்ததும் சட்டியைத் தரையில் வைத்துவிட்டாள்.

மருந்து செய்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டாரே தவிர, என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாப்பா சொல்லித்தந்ததில் பெண்ணுக்கென்று ஒன்றும் இல்லை. பள்ளிவாசலில் பழைய வைத்தியர் ஒருவரைக் கேட்டார். "பொண்ணுக்கு எதுக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கடைசியில் தானே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். குளிர்ந்த உடம்புக்குச் சூடு ஏற்ற வேண்டும். ஆண்களுக்குப் போடுவதில் பாதிதான் என்று முதலில் நினைத்து, பிறகு பலிக்காமல் போய்விடுமோ என்று பயந்து, கூடுதலாகவே போட்டார். திப்பிலியும் அக்கரகாரமும் மத்தியானம் பூராவும் இடித்தார். குங்குமப்பூ, சாதிக்காய், மலைத்தேன், நல்ல நெய் என்று கடையில் இருந்ததிலேயே உசத்தியானதை எல்லாம் சேர்த்தார். வெறுங்கையால், பிஸ்மி சொல்லி, பிசைந்தார்.

ஆமினா பீவி திரை இடுக்கில் அதைப் பார்த்தாள். எந்த வாடிக்கைக்காரனுக்கும் அவர் அவ்வளவு நேரம் பிசைந்ததில்லை. இந்த மனுஷனுக்காகவாவது இந்த உடம்பு திருந்தாதா என்று துஆ கேட்டாள்.

காலையும் மாலையும் ஓர் உருண்டை. அவள் ஒரு வேளை தவறவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பார். "என்னமாச்சும் தெரியுதா?" என்பார்.

"வயித்துல சூடா இருக்கு மச்சான்."

"அது நல்லது."

விக்கல் வந்தது. நெஞ்செரிச்சல் வந்தது. ஆசை மட்டும் வரவில்லை. படுக்கையிலோ முன்னைவிட மோசம். அவர் கை பட்டதும் எரிந்த எரிச்சலில் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய், தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றாள். தண்ணீரிலும் எரிச்சல் அடங்கவில்லை. விடிந்ததும் ஒலி முகம்மது முகம் வாடி உட்கார்ந்திருந்தார். "சூடு பத்தல போலிருக்கு" என்றார். "இன்னும் கொஞ்சம் அக்கரகாரம் கூட்டுறேன்."

ஆமினா பீவி அன்றைக்கு மனசில் ஒரு முடிவெடுத்தாள். கப்பலுக்குப் போகச் சொல்லிவிடலாம். இந்த அலைச்சல் அவருக்கு எதற்கு. ரஷீதா நல்லவளாம். அவளுக்காவது எரியாமல் இருக்கட்டும். சொல்ல வேண்டியதை மனசுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எந்த விதமாகச் சொன்னாலும் கடைசியில் அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் பூவம்மா பாலோடு வந்தாள். தேக்கா மாட்டுக் கொட்டகையில் இருந்து வாடிக்கையாகப் பால் ஊற்றுகிறவள். ஆமினா பீவி வயதுதான். இடுப்பில் அவள் பெண்குழந்தை. அப்போதுதான் பல் முளைக்கத் தொடங்கியிருந்ததால் கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

ஒலி முகம்மது உரலை விட்டு எழுந்து, அஸர் தொழுகைக்கு ஒளு செய்துகொண்டு, ஈரக் கையோடு வந்தார். குழந்தை என்றால் அவருக்கு உயிர். "என்ன மொதலாளியம்மா, பால் தண்ணியா இருக்கே, ஆத்தாவக் கேளுங்க" என்று அதன் கன்னத்தைத் தட்டினார். அது சிரித்துக்கொண்டே அவர் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பிடுங்கிக்கொள்ளாமல் நின்றார்.

கொஞ்சம் பொறுத்துத்தான் குழந்தை வீரிட்டது. முகம் செக்கச் சிவந்து, வாயிலிருந்து எச்சிலாகக் கொட்டியது. பூவம்மா எறும்பு கடித்துவிட்டதோ என்று அதன் சட்டையை உதறினாள். பிறகு வாயைப் பார்த்தாள். உதடு சிவந்து தடித்திருந்தது.

"மொளகா தொட்ட கையா மொதலாளி?"

"மொளகாவ நான் எங்க தொட்டேன் பூவம்மா? இப்பத்தான் ஒளு செஞ்சேன். அஞ்சு வேளையும் கழுவுற கை." அவர் கலங்கிப்போய்க் கையை விரித்துக் காட்டினார். பாங்கு சத்தம் கேட்டது. போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றுவிட்டு, "சுக்குத் தண்ணி ஏதாச்சும் குடு புள்ள" என்று சொல்லிப் போனார்.

ஆமினா பீவி சுக்குத் தண்ணீரைத் தேடவில்லை. மிளகாய் அரைத்தவள் கை எப்படி எரியும், எது போட்டால் அடங்கும் என்று அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் தெரியும். தேங்காயெண்ணெயைத் தொட்டு, குழந்தையின் உதட்டிலும் உள்வாயிலும் மெல்லத் தடவித் துடைத்தாள். திரும்பவும் தடவினாள். அழுகை விசும்பலாகி அடங்கியது. பூவம்மா அதை மார்போடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டே கிளம்பினாள்.

ஆமினா பீவி எண்ணெய்க் கிண்ணத்தோடு அங்கேயே நின்றாள். தண்ணீருக்கு அடங்காத எரிச்சல் எண்ணெய்க்கு அடங்கியது. கழுவிய கையிலிருந்து வந்த எரிச்சல். பொறுத்து, மெதுவாக ஏறுகிற எரிச்சல்.

திரையை விலக்கிக் கடைக்குள் போனாள். உரலில் அக்கரகாரமும் திப்பிலியும் பாதி இடித்துக் கிடந்தன. உருண்டையில் தேனும் நெய்யும் அதன் காரத்தை நாக்குக்குத் தெரியாமல் மூடியிருந்தன. அவள் வெறும் பொடியை ஒரு விரலில் தொட்டாள். விரலைத் தண்ணீரில் நன்றாகக் கழுவினாள். கழுவிய விரலைக் கீழுதட்டின் உள்பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சுறுசுறுவென்று ஆரம்பித்தது. அவளுக்கு அதை நன்றாகத் தெரியும். இடம்தான் வேறு. கல்யாணமான நாளிலிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது இதைத்தான்.

அழுகைதான் வரும் என்று நினைத்தாள். முதலில் கோபம்தான் வந்தது. அவர்மேல், வாப்பாமேல், பொறுத்துக்க என்று சொன்ன அக்காமேல், தெருவே வாங்கிக்கொண்டு போகிற அந்த லேகியத்தின்மேல். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல். இவ்வளவு நாளும் தன் உடம்பைத்தானே சபித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வேளை கழுவுகிற கையைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறகுதான் அழுதாள். அழுது முடிந்ததும் உடம்பு லேசாக இருந்தது. தனக்கு நோவு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒலி முகம்மது பள்ளியிலிருந்து வந்ததும் குழந்தையைக் கேட்டார். "அழுகைய நிறுத்திருச்சு" என்றாள். அவர் நிம்மதியாக உரலுக்கு முன்னால் உட்கார்ந்து பொடியைச் சலிக்கத் தொடங்கினார். அவளுக்கு வாயெடுத்துச் சொல்ல வரவில்லை. அந்த விஷயத்தைப் பற்றி இருவரும் பகலில் பேசியதே இல்லை. எந்தச் சொல்லில் தொடங்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சல்லடையில் இருந்து பொடி பறந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போல, தோள்பட்டையை உயர்த்தித் தலையைச் சாய்த்தார்.

"மச்சான்."

"ம்?"

"கண்ணக் கையால தொடைங்க."

"எரியும் புள்ள" என்றார், இதென்ன கேள்வி என்கிற மாதிரி.

அவள் திரையை விட்டு முன்னால் வந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் எரிஞ்சுச்சு" என்றாள் ஆமினா பீவி.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண் தன் கைமேல் இருப்பதைப் பார்த்தார். தன் கையைத் தானே பார்த்தார். சல்லடை மடியில் சரிந்தது, அவர் எடுக்கவில்லை. குழந்தையின் வாய் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மொத நாளிலேர்ந்து."

"ஏன் புள்ள சொல்லல?"

"என் ஒடம்புல நோவுன்னு நெனச்சேன். நீங்களும் அப்படித்தான நெனச்சீங்க? மருந்து எனக்குத்தான குடுத்தீங்க?" அவள் குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "ஒங்க கண்ணுக்கு எரியும்னு சின்னப் புள்ளையிலேர்ந்து தெரிஞ்சு வச்சிருக்கீங்க மச்சான். என்னய ஒரு தடவ என்ன செய்யுதுன்னு கேட்டிருக்கலாம்ல?"

வாசலில் யாரோ வந்து இருமிக் காட்டினான். ஒலி முகம்மது எழுந்து போய், "இன்னிக்குக் கடை இல்ல" என்று பலகையை இழுத்துச் சாத்தினார். திரும்பி வந்து, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போல இரண்டையும் முன்னால் நீட்டியபடி நின்றார். அவர் கண்ணில் நீர் கட்டி நின்றது. துடைக்கத் தோள்பட்டையைத் தூக்கவும் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆமினா பீவி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பிறகு தேங்காயெண்ணெயும் கடலை மாவும் கொண்டுவந்து கொல்லையில் பலகையைப் போட்டு உட்காரவைத்தாள். விரலிடுக்கு, நகக்கண், ரேகை என்று எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். மாவு போட்டு எடுத்தாள். "இப்ப கண்ணுல வச்சுப் பாருங்க" என்றாள். அவர் பயந்துகொண்டே ஒரு விரலைக் கண்ணோரம் வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்தார். "இன்னும் இருக்கு." மறுபடியும் எண்ணெய், மறுபடியும் மாவு. "இப்ப?" "கொஞ்சம்." அவள் சலிக்காமல் தேய்த்தாள். நடுவில் ஒருமுறை சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. கடைசியில் அவர் விரலைக் கண்ணில் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கண் எரியவில்லை.

மறுநாளிலிருந்து கடையில் மரக்கரண்டி வந்தது. கை படாத லேகியமா என்று வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் வேறு கடைக்குப் போனார்கள். ஒலி முகம்மது கண்டுகொள்ளவில்லை. ஆமினாவுக்காகச் செய்த உருண்டைகளைச் சளி பிடித்த வண்டிக்காரர்களுக்குக் கொடுத்தார், நன்றாகக் கேட்டது. கடை கட்டியதும் மல்லிகையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவரே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவார். ஆரம்பத்தில் அவள் உடம்பு பழைய பயத்தில் விறைத்தது. "எரியுதா?" என்று கேட்பார். இல்லை என்று அவள் சொன்னாலும் அவசரப்படமாட்டார். அவர் கேட்கிறார் என்பதே அவளுக்குப் பாதி பயத்தைப் போக்கியது. மீதிப் பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாள் விளக்கைத் தணிக்க அவளே எழுந்து போனாள்.

கப்பலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை முகம்மது யூசுப் சாப்பிட வந்தார். ஆமினா பீவி தாளிச்சா சட்டியோடு திரைக்குப் பின்னால் நின்றாள். அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். கேட்பதற்கு முன்னாலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"நான் வரல காக்கா" என்றார் ஒலி முகம்மது.

"அப்ப மருந்து பலிச்சிருச்சு?"

"பலிச்சிருச்சு."

"மாஷா அல்லா. என்ன மருந்து தம்பி? எத்தன வேளை சாப்புட்டா?"

திரைக்குப் பின்னால் ஆமினா பீவி மூச்சை அடக்கிக்கொண்டாள். என்ன சொல்லி மழுப்பப் போகிறாரோ என்று நினைத்தாள். ஒலி முகம்மது சோற்றில் இருந்து கையை எடுத்து, தன் முன்னால் விரித்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவ ஒண்ணும் சாப்புடல காக்கா" என்றார். "நான்தான் கை கழுவுனேன்."